சுருக்கெழுத்தில் எழுதாத பெயர்கள்

1986 ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடத்திற்குச் சப்-இன்ஸ்பெக்டர் ஏற்காட்டில் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் சோதனை வாரண்ட். பின்னால், சாட்சிக்கு அழைத்துவரப்பட்ட எதிர்க்கடைக்காரர்கள் இருவர். காப்பி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்த என் அண்ணன், கூலி உயர்வு கேட்டவர்கள் பக்கம் சேர்ந்து, மூன்று நாட்களாக வீடு திரும்பவில்லை. அவருடைய காகிதங்களைத் தேடி வந்திருந்தார்கள்.

அண்ணனின் பெட்டியில் ஒன்றும் அகப்படவில்லை. என் கல்லூரிப் புத்தகங்களுக்கு அடியில் அந்த நோட்டு அகப்பட்டது. வாழவந்தி எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் நடந்த கூட்டத்தில் அண்ணனுக்காக நான் எடுத்த குறிப்பு அது. வேலைநிறுத்தம் வேண்டும் என்று யார் யார் பேசினார்கள் என்பது வெளியே தெரிந்தால், வேலையோடு அவர்களுடைய வீடும் போய்விடும்.

"என்ன பாப்பா இது, கோழி கிளறின மாதிரி?"

"சுருக்கெழுத்துங்க."

"பேரெல்லாம் நல்லாத்தான் தெரியுது. யாரு என்ன சொன்னாங்கன்னு படி."

அப்போதுதான் என் தவறு எனக்கு உறைத்தது. பெயர்களைக் கோடுகளாக எழுதினால் பின்னால் குழம்பும், முழு எழுத்தில் எழுத வேண்டும் என்பது சுருக்கெழுத்து வகுப்பில் நான் பயின்ற ஒழுங்கு. அதன்படியே ஒன்பது பெயர்களை அழகாக எழுதி வைத்திருந்தேன்.

வாரண்டை வாங்கி இருமுறை வாசித்தேன்.

"எடுத்துட்டுப் போகலாம்னு இருக்குதுங்க. நான் படிச்சுக் காட்டணும்னு இல்லைங்க."

"படிச்சுரு கண்ணு. ஊட்டை விட்டுப் போகட்டும்" என்றார் அம்மா, சுவரைப் பார்த்தபடி.

நான் வாரண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன். சாட்சிகளில் ஒருவரான பேக்கரிக்காரர் செருமினார்.

"ஏனுங்க சார், அந்தப் புள்ள படிச்சாலும் அது நெசமா பொய்யான்னு நமக்கு எப்படிங்க தெரியும்? எனக்கு அங்க பன்னு கருகுதுங்க."

சப்-இன்ஸ்பெக்டர் அவரை முறைத்துவிட்டு நோட்டை மூடினார். "நீ படிக்காட்டி என்ன? சேலத்துல படிக்க ஆளிருக்குது."

எடுத்த பொருள்களின் பட்டியலில் நோட்டையும் அதன் பக்க எண்ணிக்கையையும் சேர்க்கச் சொன்னேன். நகல் ஒன்றையும் கேட்டு வாங்கினேன். சாட்சிகள் கையெழுத்திட்டார்கள். ஜீப் இறங்கிப் போனது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வாழவந்திக்குப் போனேன். ஒன்பது கதவுகளைத் தட்டினேன். ஒவ்வொரு வாசலிலும், "உங்க பேரைப் போலீஸ் எடுத்துட்டுப் போயிருக்குதுங்க. எழுதினது நானுங்க" என்று சொன்னேன்.