லோவில் வெந்த கோழி

தொழிற்சாலை விருந்துக் குலுக்கலில் அம்மாவுக்குப் பரிசாக விழுந்த ஸ்லோ குக்கர், ஜோகூரில் எங்கள் ஸ்கூடாய் வீட்டு அலமாரி மேல் பெட்டி பிரிக்காமலே கிடந்தது. அரை மணியில் வேகிற கோழியை நாள் முழுக்க வேகவைக்க ஒரு சட்டியா என்று அப்பா கேலி செய்வார். அம்மாவும் கூடச் சிரிப்பார். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தானே அதை இறக்கித் துடைத்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அன்று மாமா வருவதாக இருந்தது. அம்மாவின் ஒரே தம்பி, சிங்கப்பூரில் வேலை. அவர் சீனப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை, பேச்சும் நின்றுபோனது. இப்போது அவர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்கே போகிறார். சொல்லிக்கொண்டு போக வருகிறார்.

"இன்னைக்காவது அவன்கிட்ட மன்னிப்பு கேட்டுடணும்" என்று அம்மா கோழியை வெட்டிக்கொண்டே தனக்குத்தானே சொன்னது என் காதில் விழுந்தது.

பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பார்த்துத்தான் சமையல். கோழி, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாம் சட்டிக்குள் போயின. கடைசியில் கிரீம் ஊற்றி, மாவு உருண்டைகளைப் போட வேண்டும்.

"கோழியில கொழுக்கட்டையா? பிள்ளையார் கோவிச்சுக்கப் போறாரு லா" என்றார் அப்பா.

அம்மா குமிழைக் குறைந்த சூட்டில், 'லோ'வில் வைத்தார். "சாயங்காலம்தான் வேகும்" என்றபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மாமா மதியம் வந்தார். நாற்காலி நுனியில்தான் உட்கார்ந்தார்.

"வெள்ளனவே கிளம்பணும் கா. லேட்டானா சிங்கப்பூர்ப் பாலத்துல ஜாம்ல மாட்டிக்குவேன்."

"சாப்பிடாம எப்படிப் போவ? கோழி வேகுது, உட்காரு."

எங்கள் வீடுகளில் இந்த வார்த்தைக்கு மறுபேச்சு கிடையாது. மாமா உட்கார்ந்தார். முதலில் இருவரும் மழையைப் பற்றியும் என் படிப்பைப் பற்றியும்தான் பேசினார்கள். "தம்பி, உன் கல்யாணத்தப்ப..." என்று ஆரம்பித்த அம்மா, "தண்ணி குடிக்கிறியா?" என்று முடித்தார். நேரம் போகப் போகச் சின்ன வயதுக் குறும்புகளெல்லாம் பேச்சில் வந்தன. மாமா நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். அம்மா அடுப்படிப் பக்கமே வரவில்லை.

ஆனால் மாமா நடுவில் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். அதை அப்பாவும் பார்த்துவிட்டார். அப்பா உதவி செய்ய இறங்கினால் யாராலும் தடுக்க முடியாது. பூனை மாதிரி அடுப்படிக்குள் வந்து குமிழைக் கூடுதல் சூட்டுக்கு, 'ஹை'க்குத் திருப்பினார். கொதி வந்ததும் கிரீமை ஊற்றினார். அம்மா உருட்டி வைத்திருந்த உருண்டைகளை நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் போட்டார். இருவருக்கும் ஒரே பெருமை.

"மச்சான், வாங்க, சாப்பாடு ரெடி."

அம்மா திரும்பிப் பார்த்தார். "அதுக்குள்ளயா?"

"ஹைல வச்சிட்டேன். மச்சான் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பாரு?"

அம்மா எழுந்து பரிமாறினார். மாமா ரசித்துச் சாப்பிட்டார். கை கழுவியதும் கார் சாவியை எடுத்தார்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருடா."

"அதான் சாப்பிட்டாச்சே கா."

அதற்குமேல் எந்தச் சாக்கைச் சொல்லி அவரை உட்கார வைப்பது? கார் தெருமுனை திரும்பும்வரை அம்மா வாசலிலேயே நின்றார். மாமா அதற்குப் பிறகு ஜோகூர் பக்கம் வரவேயில்லை. தீபாவளிக்குப் போனில் நலம் விசாரித்துக்கொள்வார்கள். அந்த ஒரு வார்த்தையைப் போனில் சொல்ல அம்மாவுக்குக் கடைசிவரை வாய் வரவில்லை. அன்று தான் செய்தது என்ன என்று அப்பாவுக்கு இன்றும் தெரியாது. நானும் சொல்லவில்லை, சொல்லி என்ன ஆகப்போகிறது.

அன்று சட்டியைக் கழுவும்போது அம்மா அழுதார். சமையல் சரியாக வரவில்லை என்றுதான் அழுகிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய், "மாமா ரெண்டாவது தடவ கேட்டு வாங்கி, வயிறு நிறையச் சாப்பிட்டாரும்மா" என்று சமாதானம் சொன்னேன். மாமா சாப்பிட்டு முடித்துவிட்டதற்காகத்தான் அம்மா அழுதார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.