சித்தப்பாவின் தண்ணீர் விளையாட்டு

"...அதெல்லாம் ஒரு குறையும் கிடையாது டாக்டர். சாப்பாடு, தூக்கம், பாத்ரூம் எல்லாம் ஒழுங்கா போயிட்டிருக்கு. இந்தக் காலு மட்டுந்தான் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு," என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

பேகம்பேட்டில் ஒரு நரம்பு டாக்டரின் அறை அது. எனக்கு அப்போது எட்டு வயது. தம்பியைப் பெற்றெடுக்க அம்மா திருநெல்வேலிக்குப் போயிருந்த மாதங்கள். அதனால் அப்பா போகிற இடத்துக்கெல்லாம் நானும் பள்ளிச் சீருடையோடு, கழுத்தில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு போவேன். டாக்டர் மெட்ராஸில் படித்தவராம், தமிழிலேயே பேசினார். எழுதிக்கொண்டே, "இடுப்புக்கு ஒரு ஸ்கேன் பாத்துடலாம்" என்றார். சித்தப்பாவுக்குச் சந்தோஷம். இடுப்பு என்றால் பரவாயில்லை, லேத்தில் நாள் முழுக்க நிற்கிறவனுக்கு வருவதுதான் என்று பெண் வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

ஆமாம், தை மாதம் அவருக்குக் கல்யாணம். முப்பத்தாறு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்திருந்தது. சனத்நகரில் வேலை, வாடகை அறை. சனிக்கிழமை சாயங்காலமானால் பஸ் மாறி எங்கள் காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடுவார். வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து, "உன் சித்தி எப்பிடி இருக்கா, சொல்லுட்டி" என்பார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் எடுப்பார், அதே கேள்வி. படுக்கப் போகுமுன் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை காட்டுகிற மாதிரியே முகம் மலரும். அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுப்பார். தரையில் தார் ஊற்றிக் கால் ஒட்டிக்கொண்ட மாதிரி நடப்பார். அப்பா தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டர். தூரத்தில் இருந்தே பொருளின் குறையைக் கண்டுபிடிக்கிறவர் என்று பெயர். தன் தம்பியையும் ஒரு பார்வை பார்த்து முடிவு கட்டிவிட்டார்.

"ஏல, இங்க வா. ஊது."

சித்தப்பா ஊதுவார்.

"ஏலக்காயப் போட்டு அமுக்கிட்டான்" என்பார் அப்பா. வாசனை வராததுகூட அவருக்குச் சாட்சிதான்.

டிஸ்பென்சரியில் காலுக்குத் தைலமும் இடுப்புக்குப் பெல்ட்டும் கொடுத்தார்கள். இரண்டும் தத்தம் வேலையைச் செய்துகொண்டிருந்தன, கால்தான் செய்யவில்லை.

எனக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவரோடு கடைக்குப் போவதுதான் என் வாரத்தின் விசேஷம். நடுவழியில் திடீரென்று நின்று, என் கழுத்திலிருந்து பாட்டிலைக் கழற்றித் தன் இடுப்பிலேயே கொட்டிக்கொள்வார். "பாத்துக்கோ, சனத்நகர்க்காரன் குளிக்க ஸ்டைலு." நான் சிரித்து மாளாது. "அப்பாகிட்ட மட்டும் நக்கோ, சொல்லப்படாது, என்ன?" என்பார். "ஹவ்" என்று நானும் அந்த ஊர் உருதுவிலேயே சரி சொல்லித் தலையாட்டுவேன். ஒரு நாள் நான் பாட்டிலைக் குடித்துக் காலி செய்திருந்தேன். அன்றைக்கு அவர் காம்பவுண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, எறும்பு எண்ணுகிறேன் என்றார். நானும் பக்கத்தில் நின்று எண்ணினேன். அவருடைய பேண்ட் வெயிலில் காயும்வரை எண்ணினோம். அப்படி ஒரு காலைப்பொழுது இனி எனக்கு வாய்க்கப் போவதில்லை.

டாக்டர் சீட்டைக் கிழிக்கும் முன் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாப்பா, சித்தப்பா உன்னோட விளையாடுவாரா?"

விளையாடுவாராவா? இருப்பதிலேயே நல்ல விளையாட்டைச் சொன்னேன். பாட்டில், சனத்நகர் ஸ்டைல், எறும்பு, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அறையில் ஒருவரும் சிரிக்காததால் போட்டோவையும், காலை வாந்தியையும் சேர்த்துச் சொன்னேன்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் ஒரு சின்ன விளக்கைப் பிடித்து, சித்தப்பாவின் கண்ணுக்குள் வெகுநேரம் பார்த்தார். சீட்டில் இடுப்பை அடித்துவிட்டுத் தலை என்று எழுதினார். "மூளைக்குள்ள தண்ணி ஊறி ஓடிட்டே இருக்கும். ஏதோ ஒரு கட்டி வழிய அடைக்குதோன்னு சந்தேகமா இருக்கு. படம் எடுத்தாத்தான் தெரியும்" என்றார். படம் அதையேதான் சொன்னது. தலையிலிருந்து வயிற்றுக்கு ஒரு மெல்லிய குழாய் வைத்துத் தேங்கிய நீரை வடித்தார்கள். கட்டியில் எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். கால் பழையபடி பேச்சுக் கேட்டது. அப்பா அதன்பின் யாரையும் ஊதச் சொன்னதில்லை. பெண் வீட்டிலிருந்து மரியாதையாகவே ஒரு கடிதம் வந்தது. தை கல்யாணம் இல்லாமலே போயிற்று. மறுபடியும் கட்டி வளரும்வரை மூன்று தீபாவளிக்கு அவர் எங்களோடு இருந்தார். இன்றைக்கு அவரைவிட எனக்கு வயது கூடிவிட்டது. அவர் கேட்ட கேள்விக்கு நான் ஒரு தடவைகூட ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. சித்தி அழகாகத்தான் இருந்தாள்.

அந்த அறையில் அந்த நிமிஷத்தில் இது எதுவும் எனக்குத் தெரியாது. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்பது மட்டும் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

"பாப்பா சொல்றது நிஜமா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் மெதுவாக ஸ்டூலிலிருந்து இறங்கிக் கதவுப் பக்கம் நழுவப் பார்த்தேன். சித்தப்பா எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். வலித்தது. வாக்குத் தவறினதற்குத் தண்டனை என்று பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். பிடியைக் கொஞ்சமும் தளர்த்தாமல், அப்பாவைப் பார்க்காமல், எந்த மாதத்திலிருந்து தன்னை மீறிப் பேண்ட் நனைகிறது, எந்த மாதத்திலிருந்து வாந்தி என்று அவர் டாக்டரிடம் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார்.