ரோசியின் தண்ணீர்க் கிண்ணம்

என் மகன் தவழத் தொடங்கிய மாதம், எங்கள் நாய் ரோசி வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிக்க ஆரம்பித்தாள். குழந்தை வந்த பொறாமை என்று நினைத்தேன். தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டு, காலையிலும் மாலையிலும் மட்டும் கொஞ்சம் ஊற்றினேன்.

ஏற்காட்டுப் பனிமூட்டத்தில் துணி எளிதில் காயாது. கொடியில் தாழத் தொங்கிய குழந்தையின் ஈரத் துணிகளை ரோசி வாயில் வைத்துச் சப்பினாள். அதற்கும் அடித்தேன்.

முடி கொட்டி, வயிறு தொங்கிய பிறகுதான் சேலத்துக்குக் கொண்டுபோனோம். ரத்தம் சோதித்த டாக்டர், "ஹார்மோன் கோளாறுங்க. ஆயுசுக்கும் மாத்திரை கொடுக்கோணும். தாகம் நொம்ப இருந்திருக்குமே, தண்ணி எவ்வளவு குடிச்சுதுங்க?" என்று கேட்டார்.

"கிண்ணத்தை எடுத்து வச்சிட்டேனுங்க. ஊடெல்லாம் ஈரம் பண்ணுச்சு, பையன் தவழறானுங்க."

"அது வேணும்னு பண்ணலைங்க அம்மணி. அதால அடக்க முடியாதுங்க."

அவள் அந்தத் துணிகளைச் சப்பியது தாகத்தால் என்று அப்போதுதான் புரிந்தது. மகனுக்கு உதடு காய்ந்தாலே பதறுகிறவள் நான்.

இப்போது மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கிறேன். கிண்ணமும் எப்போதும் நிரம்பியிருக்கிறது. ஆனாலும் வாய் வைக்கும் முன் ரோசி என் முகத்தைப் பார்க்கிறாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்ட பிறகுதான் குடிக்கிறாள்.