வெயிலில் காய்ச்சிய கொக்கி

என் கையெழுத்து கோணலாகத்தான் இருக்கும், பிழையும் இருக்கும். நாலாம் வகுப்போடு சம்மட்டி பிடித்த கை. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பர்மியப் பட்டணத்தில், க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில் கொல்லுப்பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறை இருட்டாக இருக்க வேண்டும். இரும்பின் சூட்டை நிறம் பார்த்துத்தான் சொல்ல முடியும். வெளிச்சத்தில் அந்த நிறம் மங்கித் தெரியும். சூடு போதாது என்று காய்ச்சிக்கொண்டே இருப்போம்.

போன மழைக்கு முன் அடித்த காற்று கூரைத் தகரம் ஒன்றைப் பிடுங்கிவிட்டது. அன்றுதான் துறை மேஸ்திரி வந்தார். அரிசி மூட்டை தூக்கும் கொக்கி நெளிந்துவிட்டது, உடனே புதிது வேண்டும் என்றார். தகரம் அடித்துவிட்டுச் செய்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உலையில் வெயில் விழ விழ, பழைய லாரி அச்சைக் காய்ச்சி வளைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை தகரம் அடித்தபின் அதே அச்சின் மிச்சத்தை உலையில் வைத்து, நேற்றைய அளவுக்கே ஊதினேன். வெளியே எடுத்தால் வெள்ளையாகப் பொறி பறந்தது. நேற்று செம்மஞ்சள் என்று நினைத்தது இதைத்தான். அவ்வளவு சூடு கண்ட இரும்பு நெளியாது, பட்டென்று ஒடியும். அடியில் ஆள் நிற்பார்கள்.

மேஸ்திரி போனை எடுக்கவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சம்மட்டியோடு துறைக்கு ஓடினேன்.

மூட்டைகள் மேலே தொங்கின. கீழே நாலு பேர். நாலு பேர் முன்னால் பேசக் கூசுகிறவன், அன்று கத்தினேன்.

"இறக்குங்க! கொக்கி சரியில்ல!"

மேஸ்திரி சிரித்தார். "என்ன ஆசாரி, கட்டிக் குடுத்த பொண்ணத் திருப்பிக் கேக்க வந்த மாதிரி நிக்கிறீங்க? காலையிலேர்ந்து தூக்கிட்டுத்தானே இருக்கு!"

பர்மியரான படகுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். மூட்டையை இறக்கச் சொன்னார். "அடிச்சுப் பாருங்க, ஸயா" என்றார் பர்மியில். தொழில் தெரிந்தவரை இங்கே மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

கொக்கியைக் கல்லில் வைத்து அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. யாரோ சிரித்தார்கள். இரண்டாம் அடியில் கழுத்தோடு ஒடிந்தது. ஒடிந்த இடம் கல்கண்டு போல் மணிமணியாக மின்னியது.

மேஸ்திரியின் குரல் இறங்கிவிட்டது. "இரும்பு மட்டமா ஆசாரி?"

ஆமாம் என்று தலையாட்டிவிடலாம் போல் இருந்தது.

"இரும்பு நல்லதுதாங்க. நான்தான் வெயில்ல காய்ச்சிட்டேன்."

"போங்க, இருட்டுல ஒண்ணு செஞ்சு கொண்டாங்க. அதுவரைக்கும் தோள்ல சுமக்குறோம்" என்றார் மேஸ்திரி.

மத்தியானமே கொடுத்துவிட்டேன். அது இன்றுவரை தூக்குகிறது. ஆனாலும் துறைப்பக்கம் தொப்பென்று சத்தம் கேட்டால் சம்மட்டி அந்தரத்தில் நின்றுவிடுகிறது.

எழுதியது: தண்ணீர்த் திருவிழா கழிந்த மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை.