நாலு அலுமினியச் சட்டம், எட்டு வெட்டு

அலுமினிய பிரேம் சட்டத்தைப் பிசிறில்லாமல் வெட்டுவது எப்படி என்று நேற்று இந்தக் குழுவில் ஒரு நண்பர் கேட்டிருந்தார்.

இரண்டு முறை பதில் எழுதி அழித்துவிட்டேன். இது மூன்றாம் முறை! சொல்லப்போவது இவைதான்:

1. மரம் அறுக்கும் பிளேடு ஆகாது. நெருக்கமான பல் வேண்டும்.
2. சட்டத்தின் உள்ளே மரத்துண்டு கொடுத்து இறுக்க வேண்டும். இல்லையென்றால் நசுங்கும்.
3. முதலில் மாதிரித் துண்டு இரண்டு வெட்டிச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.
4. அறுக்கும்போது சட்டத்துக்கு உரியவரை அருகில் விடக் கூடாது.

எண்பதுகளின் நடுவில் சங்கரன்கோவிலில் பட பிரேம் கடை வைத்திருந்தேன். (பி.எஸ்ஸி. கணிதம். கோணம் தெரியும் என்ற தைரியத்தில் ஆரம்பித்தது!)

ஒரு புதன்கிழமை காலை கடையநல்லூரிலிருந்து சுலைமான் வந்தார். சவுதியில் தையற்காரர். விடுமுறைக்கு வந்தவர் தங்க நிற அலுமினியச் சட்டம் நான்கு கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றும் ஒரு மீட்டர். கூடவே வெல்வெட்டில் நெய்த மக்கா படம்.

“அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை தங்கச்சி புது வீட்டுக்குக் குடி போறா. என் கையால இத மாட்டணும். சனிக்கிழமை பம்பாய்க்கு ரயிலேறுதேன். இனி ரெண்டு வருசம் கழிச்சுதான் ஊரு.”

“அலுமினியம் நான் தொட்டதே இல்ல பாய்.”

“மரம் அறுக்கீயல்லா? அதே கைதான?”

அளந்து பார்த்தேன். நீளப் பக்கத்துக்கு மிச்சம் ஒரே ஒரு அங்குலம். ஒரு வெட்டு பிசகினால் மாற்றுச் சட்டம் மதுரையில்கூடக் கிடைக்காது.

என்னிடம் இருந்தது கையால் இழுக்கும் மைட்டர் ரம்பம். கோணத்தை நாற்பத்தைந்து டிகிரியில் நிறுத்த இரும்புத் தாங்கி உண்டு. பிளேடை மாற்றினேன். மெழுகுவத்தி தேய்த்தேன். மரத்துண்டு கொடுத்து இறுக்கினேன். அவிழ்த்து மறுபடி இறுக்கினேன்.

“அண்ணாச்சி, பிரேமு போடுதீயளா, ஆபரேசன் பண்ணுதீயளா?”

“நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க பாய்.”

குடித்துவிட்டு உடனே வந்துவிட்டார். மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தார்!

“மூணாவது டீ குடிச்சா எனக்குத்தான் ஆபரேசன்” என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

குட்டைப் பக்கச் சட்டங்களில் மிச்சம் நிறைய இருந்தது. அதில் மாதிரித் துண்டு இரண்டு வெட்டிச் சேர்த்தேன்.

மூலையில் நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி!

மரத்தில் இப்படி வந்தால் மரத்தூளும் வஜ்ரப் பசையும் குழைத்து அடைத்துவிடுவேன். பதினோரு வருடமாக ஒவ்வொரு மூலையையும் அடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். தாங்கியே கோணல் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. அலுமினியத்தில் எதை வைத்து அடைப்பது?

துண்டுகளைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

“என்னத்த உள்ள போட்டிய?”

“ஒண்ணுமில்ல பாய்.”

“எடுங்க, பாப்போம்.”

எடுத்துக் கொடுத்தேன். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சேர்த்துப் பார்த்தார். என் மேசையிலிருந்த வெள்ளைத் தாளை எடுத்து, மேல் விளிம்பைப் பக்க விளிம்போடு சேர்த்து மடித்து நகத்தால் நீவினார்.

“துணிய கிராஸா, மூலைவாட்டுல வெட்ட நாங்க இப்படித்தான் மடிப்போம். இது பொய் சொல்லாது. உங்க இரும்புல வச்சுப் பாருங்க.”

வைத்தேன். நாற்பத்தைந்தில் விழுந்த மடிப்பு ஒரு பக்கம், பிளேடு ஒரு பக்கம்! தாங்கியின் ஒரு ஓரம் தேய்ந்திருந்தது. பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி அந்த இடத்தில் செருகினோம். மறு பக்கக் கோணத்தையும் தாளை வைத்தே சரிசெய்தோம்.

புதிய மாதிரித் துண்டுகள் சேர்ந்த இடம் தலைமுடி அளவுக் கோடாகத்தான் தெரிந்தது.

பிறகு எட்டு வெட்டு. ஒவ்வொன்றுக்கும் சட்டத்தின் மறு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சுலைமான்தான். வியாழக்கிழமை மாலை கண்ணாடி போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.

இதுவரை எழுதியபிறகு மேலே போய்ப் பட்டியலைப் படித்துப் பார்த்தேன். நான்காவதாகச் சொன்னது தவறு. இத்தனை வருடம் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் மூன்றாவது டீக்குப் போயிருந்தால், அந்தத் துண்டுகள் என் பையிலேயே இருந்திருக்கும். சட்டத்தையும் கோணலாகவே வெட்டியிருப்பேன்.

உரியவர் அருகிலேயே இருக்கட்டும். கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்கட்டும்.