தவக்கால வெள்ளியில் ஆண்டவர் காட்டிய கோடு

நுண்ணினப் பொருளியல் தாளில் இரண்டாவது முறையும் தோற்றதாக முடிவு வந்த அன்று, குசினிக்குள் நின்று அழுதேன். நோயில்லை, கடனில்லை, விபத்தில்லை; இவள் எதற்கு ஆண்டவருக்குச் சாட்சி சொல்ல வந்தாள் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது நெருக்கடிதான். இன்னும் ஒரே ஒரு முறைதான் அந்தத் தாளை எழுத முடியும். அதிலும் தோற்றால் என் பதிவே ரத்தாகிவிடும். அதுவரை படித்த படிப்பெல்லாம் போய்விடும்.

என் பெயர் பிலோமி. வயது நாற்பத்தேழு. தூத்துக்குடியில் ஒரு கடற்கரைத் தெருவில் பிறந்து, இன்னொரு கடற்கரைத் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கணவருக்குக் கப்பலில் வேலை. நான் துறைமுகத்துக்கு அருகே ஓர் அலுவலகத்தில் சரக்கு ஆவணங்கள் தயாரிக்கிறேன். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறவள் என்பதால், நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல முடியும்.

மகள் கல்யாணம் முடிந்த பிறகு, பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் பி.ஏ. பொருளியல் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் ஊரிலேயே வகுப்பு. முதலாண்டுத் தாள்கள் எல்லாவற்றிலும் தேறினேன். இரண்டாம் ஆண்டின் நுண்ணினப் பொருளியலில் மோதி நின்றேன்.

அந்தப் பாடம் முழுவதும் இரண்டு கோடுகளின் மேல் நிற்கிறது. ஒன்று தேவைக் கோடு: விலை ஏறினால் வாங்குவது குறையும். இன்னொன்று அளிப்புக் கோடு: விலை ஏறினால் விற்க வருவது கூடும். அதனால் அது இடமிருந்து வலமாக மேல்நோக்கி ஏற வேண்டும். புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. நான் அதைக் கீழ்நோக்கி இறக்கி வரைந்தேன். தெரியாமல் இல்லை. தெரிந்தே.

காரணம், நான் கண்ணால் கண்டது வேறு. கச்சான் காற்று வீசினால் நாலு வள்ளம்கூடக் கடலுக்குப் போகாது. அன்றைக்கு மீன் விலை தலைக்கு மேலே. கடல் அடங்கினால் கரை நிறைய மீன், விலை காலடியில். விலை கூடுகிற நாளில் மீன் குறைவு, மீன் கூடுகிற நாளில் விலை குறைவு. கடற்கரையில் பிறந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாள். பிறகு எப்படிக் கோட்டை மேலே ஏற்றுவது?

இதை வகுப்பிலேயே எழுந்து கேட்டேன்.

“அக்கா, மற்றவை மாறாதிருக்கும்போதுன்னு புத்தகத்துல போட்டிருக்குல்லா. அதையும் சேத்துப் படிங்க” என்றார் பேராசிரியர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர்.

“எந்தக் கடல்ல சார் மத்ததெல்லாம் மாறாம இருக்கும்? காத்து மாறும், கடலுக்கடியில ஓடுற நீவாடு மாறும்.”

வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, “பரீட்சையில மேல பாத்து வரைஞ்சிருங்கக்கா. உங்க கடலை அப்புறமா வச்சுக்கிடலாம்” என்றார்.

நான் அப்படி வரையவில்லை. முதல் முறை என் கோட்டை வரைந்தேன். அடிப்படைக் கோடே தலைகீழாக இருந்ததால், அதன் மேல் கட்டிய சமநிலை, வரி, உபரி எல்லாம் தலைகீழாகி விழுந்தன. இரண்டாம் முறையும் அதே கோடு. கூடவே ஏன் அப்படி வரைந்தேன் என்று ஒரு பக்க விளக்கமும். திருத்தியவர் அதைப் படித்தாரோ என்னவோ. மனப்பாடம் செய்து எழுதினால் தேறியிருக்கலாம். நம்பாத ஒன்றை எழுதி வாங்குகிற பட்டம் எனக்கு எதற்கு?

பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கிற எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் வேண்டுதலைச் சொல்ல, எல்லாரும் சேர்ந்து செபிப்பது வழக்கம். அந்த வாரம் என் முறை வந்தபோது, “என் பரீட்சைக்காகவும், எனக்குப் பாடம் புரியணும்னும் செபிங்க” என்றேன்.

என் நாத்தனார் ஜெயராணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ஏளா மைனி, கடலுக்குப் போனவங்களுக்குக் கேப்போம். ஆசுபத்திரியில கெடக்குறவங்களுக்குக் கேப்போம். பேரப்பிள்ள எடுக்குற வயசுல ஒனக்குப் பரீட்சையா? ஆண்டவருக்கு வேற சோலி இல்லையா?”

“உனக்கு மூட்டுவலிக்குக் கேட்டமே, அப்ப மட்டும் அவருக்குச் சோலி இல்லையோ?” என்றேன்.

கூட்டத்தை நடத்திய அக்கா சமாதானமாக, “மனுசருக்கு எது தேவையோ அதைக் கேப்போம், பிலோமி. இது ஆசைதானே” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முழங்கால் தேவை, மூளை ஆசையா? அவர்கள் சேர்ந்து செபிக்காவிட்டால் போகட்டும் என்று நானே எழுந்து நின்று சத்தமாகச் செபித்தேன். “ஆண்டவரே, எனக்கு மார்க்கு வேண்டாம். வினாத்தாளும் வேண்டாம். உம்முடைய கடலைத்தான் நான் பார்த்தேன். நான் பார்த்தது பொய் என்றால் எனக்குக் காட்டும். புத்தகம் பொய் என்றால் அதையும் காட்டும். காட்டாமல் என்னை அனுப்பாதேயும்.” செபம் போலவா இருந்தது? சண்டை போலத்தான் இருந்தது. சிலர் ஆமென் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்கியது. காலைப் பூசையில் தினமும் இதையே கேட்டேன். பதில் இல்லை. ஒரு புதன்கிழமை மனம் சோர்ந்து, படிப்பை விட்டுவிடலாம் என்றே முடிவு செய்தேன். கப்பலிலிருந்து பேசிய கணவரிடமும் சொன்னேன். “விடுறதுன்னா விடு. ஆனா கோவத்துல விடாத” என்றார். அன்று மாலை ஜெயராணி வீட்டுக்கும் சேர்த்து மீன் வாங்கக் கரைக்குப் போயிருந்தேன். கடல் குளத்துத் தண்ணீர் போலக் கிடந்தது. ஏலம் மந்தமாக நடந்தது. ஊளியும் விளமீனும் மலிவாகப் போயின. பாதி வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடந்தன.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடியும் போனேன். தவக்கால வெள்ளியில் எங்கள் வீடுகளில் இறைச்சி சமைப்பதில்லை. அதனால் ஊரே மீனுக்கு வரும். கடல் புதன்கிழமை எப்படிக் கிடந்ததோ அப்படியே கிடந்தது. அதே காற்று, அதே நீவாடு. ஆனால் கரையில் கால் வைக்க இடமில்லை. எனக்கு முன்னால் நின்ற ஒரு வியாபாரிப் பெண் ஏலக்காரரோடு மல்லுக்கு நின்றாள்.

“அண்ணாச்சி, கரை நெறைய மீனக் குமிச்சு வச்சிட்டு, வெலைய மட்டும் ஏன் மேல ஏத்துதிய? நியாயமா இது?”

“தவசு வெள்ளி ஏளா! ஊரே கறி திங்காம வாயக் கட்டிக்கிட்டு கெடக்கு. வெள்ளிக்கெழம வெல நிக்கும்னுதான் எம் மாப்பிள்ளையே நேத்து வள்ளத்த எறக்குனான். இல்லன்னா அவனாவது எந்திரிக்கதாவது! குப்புறப் படுத்துல்லா கெடப்பான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மணலைப் பார்த்தேன். புதன்கிழமை ஏறிக் கிடந்த வள்ளங்களின் இடம் காலியாக இருந்தது.

கரை நிறைய மீன். விலையும் மேலே. இரண்டும் ஒரே நேரத்தில்.

காற்று மாறவில்லை, கடல் மாறவில்லை. மாறியது வாங்க வந்த கூட்டம் மட்டும்தான். கூட்டம் விலையை ஏற்றியது. ஏறிய விலை படுத்துக் கிடந்தவனையும் கடலுக்கு அனுப்பியது. புதன்கிழமையை ஒரு புள்ளி என்று வைத்து, வெள்ளிக்கிழமையை இன்னொரு புள்ளி என்று வைத்து இணைத்தால், கோடு மேல்நோக்கித்தான் ஏறும். அதுதான் அளிப்புக் கோடு. அப்படியானால் கச்சான் காலத்தில் நான் பார்த்தது? அங்கே வாங்குகிறவர்கள் மாறவில்லை; காற்றுதான் வள்ளங்களைத் தடுத்தது. நான் கண்டது தேவைக் கோடு. என் கண் பொய் சொல்லவில்லை. பெயரைத்தான் மாற்றி வைத்திருந்தேன். புத்தகமும் பொய் சொல்லவில்லை.

அங்கேயே நின்று அழுதேன். முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்து, “என்னக்கா, மீனு கெட்டுப்போச்சா?” என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

மறுநாள் வகுப்பில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பேராசிரியர் சாக்பீஸை என் கையில் கொடுத்தார்.

“புதனுக்கும் வெள்ளிக்கும் நடுவுல உள்ள கோடு எது?”

“அளிப்பு, சார்.”

“கச்சான்ல நீங்க பாத்தது?”

“தேவை.”

“ரெண்டு தடவ தோத்தது?”

“அது பிடிவாதம், சார்.”

மறுபடியும் வகுப்பு சிரித்தது. இந்த முறை நானும் சிரித்தேன். அவர் விடவில்லை. “சரி, உப்புக்கு வரி போடுவோம். யார் தலையில விழும், வரைங்க” என்றார். வரைந்தேன், தப்பாகத்தான். அதன் பிறகு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தேன். ஆண்டவர் ஒரு கோட்டைக் காட்டினார். மற்றவற்றை நானே வரைந்து பழக வேண்டியிருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

தேர்வில் மீன் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. முதல் பெரிய கேள்வி தேயிலையையும் காப்பியையும் பற்றியது. அச்சுகளை வரைந்தேன். கோட்டை மேல்நோக்கி ஏற்றினேன். முதல் முறையாக, நம்பி ஏற்றினேன். தேறிவிட்டேன். பெரிய மதிப்பெண் இல்லை, தேர்ச்சி. கணவர் போனில், “ஏளா, அடுத்து என்ன, துறைமுகத்த வெலைக்கு வாங்கப் போறியா?” என்றார். அழுதது நானில்லை, அவர்.

இதெல்லாம் அற்புதமா, யோசித்தால் யாருக்கும் புரியுமே என்று சிலர் என்னிடம் சொல்லிவிட்டார்கள். சொல்லட்டும். அந்தக் கரையில் நான் பிறந்ததிலிருந்து தவக்கால வெள்ளிகள் வந்து போகின்றன. ஒவ்வோர் ஆண்டும் விலை ஏறியதைப் பார்த்தேன், வள்ளங்கள் போனதைப் பார்த்தேன், மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கேட்ட ஆண்டில்தான் கண்டேன். இதற்கு என்ன பெயர் வைப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். நான் முடிவு செய்துவிட்டேன்.

முன்பெல்லாம் என் செபத்தில் ‘உமக்குச் சித்தமானால்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வேன். இப்போது புரியாததைப் புரியவில்லை என்று சொல்லி, நின்று கேட்கிறேன். அதை அவர் அவமதிப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதற்கு நானே ஆதாரம்.

அன்பானவர்களே, உங்கள் உடம்புக்குக் கேட்கிறீர்கள், பிள்ளைகளுக்குக் கேட்கிறீர்கள். உங்கள் அறிவுக்கும் கேளுங்கள். வயதைச் சொல்லி யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். நீங்கள் எழுந்து நின்று, சத்தமாகக் கேளுங்கள். நான் இப்போது மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். பன்னாட்டு வாணிபத்தில் ஒரு பாடம், மூன்று முறை படித்தும் தலையில் ஏறவில்லை. நாளைக் காலைப் பூசைக்கு அந்தப் புத்தகத்தோடுதான் போகிறேன்.