பை மாட்டிய மாங்காய்கள்

செய்யூர் பக்கத்துப் பழ ஆராய்ச்சிப் பண்ணை வேலையை உதறிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துகொண்டிருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். எந்த வேலையிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை.

அன்று காலை, பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியர், “விருந்தாளிக்கு மாங்கா தரணும். பை மாட்டின காய்தான் பழுதில்லாம இருக்கும், அதையே பறி” என்றார். எல்லாவற்றையும் பறித்து அவர் காரில் ஏற்றினேன். அவரிடம் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் பெண் மரத்தடியில் நின்று அழுதபோதுதான், அவை அவளுடைய ஆராய்ச்சிக் காய்கள் என்று தெரிந்தது. “கூலியாள் பறிச்சிட்டான்” என்று அவர் என்னைக் கைகாட்டினார்.

பின்னாலேயே அவள் ஸ்கூட்டியில் வந்தாள்.

“ஏறுண்ணா. யார் பறிக்கச் சொன்னாங்கன்னு எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சும் ஏம்மா வாய மூடிகினு கீற?”

“அவர் கையெழுத்து இல்லாம பட்டம் இல்ல. காய் போயிடுச்சு, இனிமே அடுத்த வருஷக் காய்ப்பு வரைக்கும் காத்துகினு கெடக்கணும்.”

“இன்னா பேஜாரும்மா! காவலுக்கு ஒரு ஆள் வேணாமா?”

“யாரும் வர்றதில்ல. நீ நிக்கிறியா?”

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பிடிக்காவிட்டால் நான் நடையைக் கட்டலாம். அவ்வளவு படித்த அவளால் முடியாது.

மறுநாள் காலை, அடுத்த காய்ப்பு முடியும்வரை என்று சொல்லி, அதே பண்ணையில் காவல்காரனாகச் சேர்ந்தேன்.